வக்கியா, டிராப் ஷாட்டா? மவுஸ்ஸாகலைக் கரையில் ஒரு ரப்பர் புழு வழக்கு

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் போன விடுமுறைக்கு வந்தபோது ஒரு பை நிறைய ரப்பர் புழு கொண்டுவந்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். “அண்ணே, தேயிலைக்குள்ள மண்ணைக் கிளறினா சும்மாவே கிடைக்குதே, இதைக் காசு குடுத்தா வாங்குனீங்க?” என்று ஒருவன் கேட்டான். தம்பியிடம் பதில் இல்லை.

உண்மையில் இந்தப் புழு நம் மீனுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 1949-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கிய சரக்கு இது. குறி வைத்தது அங்குள்ள நன்னீர் வேட்டை மீனான பாஸுக்கு. பாஸ் பிடிப்பவர்கள் கூடக் கூட, கனமான ஈயமும் பெரிய புழுவும் கண்டால் மீன் விலகிப் போகும் நிலை பல ஏரிகளில் வந்தது. அதற்கு மருந்தாக வந்ததுதான் ‘ஃபினெஸ்’ முறை: ஆறு முதல் எட்டு இறாத்தல் தாங்கும் மெல்லிய தங்கூசி (தூண்டில் நூல்), சின்னத் தூண்டில் முள், முடிந்தவரை குறைந்த ஈயம், அவசரமில்லாத கை. இதை மெருகேற்றியதில் ஜப்பான்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த முறையில் புழுவைக் கட்டுவதற்குப் பல விதம் உண்டு. தம்பி டிராப் ஷாட் கட்சி, நான் வக்கி கட்சி. இரண்டு வாரமும் சண்டை இதில்தான்.

வக்கி பார்க்க அபத்தமாக இருக்கும். புழுவின் தலையில் அல்ல, நடு வயிற்றில் முள்ளைக் குத்த வேண்டும். ஈயமே கிடையாது. எறிந்துவிட்டுத் தங்கூசியைத் தளர விட்டால், இரண்டு முனையும் படபடவென்று துடித்துக்கொண்டே மெதுவாக இறங்கும். வேலையெல்லாம் அந்த இறக்கத்தில்தான். நாம் இழுத்தால் கெட்டுப்போகும். தளர்ந்து கிடக்கும் தங்கூசி திடீரென்று ஒரு பக்கம் நகர்ந்தால் மீன் வாயில் போட்டுவிட்டது என்று அர்த்தம். உப்புக் கலந்த ஐந்து அங்குல ‘சென்கோ’ வகைப் புழு இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். ஆனால் இரண்டு கடியில் கிழிந்துவிடும். அதனால் புழுவின் இடுப்பில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டி, முள்ளை அதில் கோர்ப்பார்கள். ஆழம் பத்து அடிக்குள் இருந்தால் இதற்கு நிகர் இல்லை. அதைத் தாண்டினால் புழு தரை தொடுவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம்.

டிராப் ஷாட்டில் எல்லாம் தலைகீழ். ஈயம் தங்கூசியின் அடி நுனியில், முள் அதற்கு ஒரு சாண் அல்லது ஒரு முழம் மேலே. ஈயம் தரையில் உட்கார்ந்திருக்க, புழு அந்தரத்தில் நிற்கும். தூண்டில் தடியின் நுனியை லேசாக நடுக்கினால் புழு நின்ற இடத்திலேயே ஆடும். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் மிதந்து நிற்கும் மீனுக்கு இரையை மூக்கு முன்னால் நிறுத்திவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், தெளிந்த ஆழத் தண்ணீரில் நிற்கும் ஸ்மோல்மவுத் பாஸுக்குத் தம்பி இதைத் தவிர வேறெதுவும் போடுவதில்லையாம். முள்ளைப் பாலோமர் முடிச்சில் கட்டி, மிஞ்சிய நுனியை முள்ளின் கண்ணுக்குள் மேலிருந்து கீழாக மறுபடி விட்டால் முள் நிமிர்ந்து நிற்கும். இந்தச் சின்ன விஷயத்தைத் தவறவிட்டால் பாதி கடி வீண்.

மூன்றாவது விதமான நெட் ரிக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காளான் தலை போன்ற இரண்டு கிராம் ஈயத்தில் மூன்று அங்குலத் துண்டுப் புழு, அவ்வளவுதான். கன்சாஸ்காரர் நெட் கெடியின் பெயரில் வழங்குவது. இதற்குப் போடும் மிதக்கும் வகைப் புழு தரையில் வாலைத் தூக்கி நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்த வகையைச் சாதாரண ரப்பர் புழுவோடு ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். என் டப்பாவில் இப்போது ஒரு நீலக் களி இருக்கிறது.

சரி, இலங்கை மலையகத்து மஸ்கெலியாவுக்கு வருவோம். இங்குள்ள மவுஸ்ஸாகலை சாதாரண ஏரி இல்லை, அணை கட்டிய நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா நகரமே அதன் அடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய கோயில் வெளியே தெரியும். மற்றக் காலத்தில் சுவர், படி, மரக்குற்றி எல்லாம் மறைந்திருந்து முள்ளைப் பிடித்துக்கொள்ளும். வக்கியின் முள் திறந்தே இருக்கும். முதல் நாள் மாலையே ஆறு முள்ளை யாரோ ஒருவருடைய பழைய வீட்டுக்குக் காணிக்கை கொடுத்தேன். தம்பிக்கு நஷ்டம் குறைவு: சிக்குவது பெரும்பாலும் ஈயம் மட்டும், அதன் கவ்வியிலிருந்து தங்கூசி நழுவி வந்துவிடும். இந்த இடத்தில் அவன் சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கரையிலிருந்து எறியும் நமக்கு நான் கைகாட்டுவது இரண்டையும் அல்ல, ‘ஷேக்கி ஹெட்’ என்ற இன்னொரு விதத்தை. மூன்றரை முதல் ஐந்து கிராம் உருண்டை ஈயத் தலை. முள் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துவைக்கலாம். குற்றிகளுக்கு நடுவே இழுத்துவந்து, நிறுத்தி, நடுக்கி, மறுபடி நகர்த்தலாம். வக்கியின் துடிப்பு இதில் வராது. ஆனால் முள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

மீனா? மவுஸ்ஸாகலையில் பாஸ் இல்லை. திலாப்பியா வந்து புழுவின் வாலை மட்டும் கொறித்துவிட்டுப் போனது. தெல்தெனியாப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஒரு விரால் ஷேக்கி ஹெட்டைக் கவ்வியது, எட்டு இறாத்தல் தங்கூசியைச் செடிக்குள் இழுத்துப்போய் அறுத்துக்கொண்டு போய்விட்டது. விராலுக்கு மெல்லிய வேலை எடுபடாது, தடித்த பின்னல் நூல்தான். “அப்படியென்றால் பாஸ் குஞ்சையே கொண்டுவந்து விடலாமே” என்று தம்பி சிரித்தான். 1925-இல் ஆஷி ஏரியில் விட்ட ஜப்பான், 2005-இல் பாஸை விடுவதற்கே சட்டத்தால் தடை போட்டது. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டான்.

மிஞ்சிய புழுக்களை லயத்துப் பையன்களிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அவர்கள் மூங்கில் தூண்டிலோடு கரையில் நின்றார்கள். வாளியில் நாலு திலாப்பியா. முள்ளில் இருந்தது மண்புழு.