போலி கான்டெக்ஸ்ட், இன்-மெமரி ஹார்னஸ், நிஜ புரோக்கர்: சாகாவை எதில் டெஸ்ட் செய்வது?

தனித்தனியாக வரும் செய்திகளை நினைவில் வைத்துக்கொண்டு, பல படிகளுள்ள ஒரு வேலையை நடத்தி முடிக்கும் நிரல்தான் சாகா. ஆர்டரும் பணமும் வந்து சேர்ந்ததும் 'சரக்கை அனுப்பு' என்று செய்தி போடும் ஒரு சாகாவை எடுத்துக்கொள்வோம். எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டில் எந்தச் செய்தி வந்தாலும் சாகா தொடங்கும்.

ஹேண்ட்லரை, அதாவது ஒரு செய்தி வந்ததும் ஓடும் நிரல்பகுதியை, நேரடியாகக் கூப்பிட்டுச் சோதிப்பது முதல் வழி. .நெட் நிரல்களுக்குச் செய்திப் போக்குவரத்தைக் கவனிக்கும் என்சர்வீஸ்பஸ் நூலகம் இதற்கென்றே போலி கான்டெக்ஸ்ட் தருகிறது. ஹேண்ட்லர் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்தான் கான்டெக்ஸ்ட். ஹேண்ட்லர் அனுப்பிய செய்திகள் அந்தப் போலியில் பட்டியலாகச் சேரும், எண்ணிப் பார்த்துவிடலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் சாகாவின் தரவை நாமே நிரப்பிக் கொடுப்பதால், ஆர்டர் எண்ணை வைத்துச் சரியான சாகாவைத் தேடும் பகுதி அங்கே ஓடுவதே இல்லை. அதில் பிழை இருந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

இரண்டாவது, மாஸ்டிரான்சிட் என்ற இன்னொரு .நெட் நூலகத்தோடு வரும் இன்-மெமரி ஹார்னஸ்: நிஜ வரிசை இல்லாமல் நினைவகத்திலேயே செய்திகளை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் கருவி. இதில் அந்தத் தேடலும் சேர்ந்தே ஓடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான். பணச் செய்தியை ஆர்டருக்கு முன்னால் அனுப்பிப் பாருங்கள். சரி, அது தேறிவிடும். அப்புறம், சரக்கு அனுப்பி முடிந்து சாகா அழிந்தபின், அதே பணச் செய்தியை இன்னொரு முறை அனுப்புங்கள். பணத்துக்கும் சாகாவைத் தொடங்கும் உரிமை கொடுத்திருக்கிறோமே! புதிதாக ஒரு சாகா பிறந்து, வராத ஆர்டருக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். பெரும்பாலான செய்தி வரிசைகள் 'குறைந்தது ஒருமுறை' கொண்டு சேர்ப்போம் என்றுதான் உறுதி தருகின்றன; ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். ஆகவே இது என்றாவது நடக்கும். இந்த டெஸ்ட் இல்லாத சாகாவை நான் நம்ப மாட்டேன்.

ஹார்னஸில் ஒரு தொல்லை உண்டு. ஒரு செய்தி வரவில்லை என்று காட்ட, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் தீர வேண்டும். அப்படி நூறு டெஸ்ட் சேர்ந்தால் பில்ட் இழுக்கும். முடிந்தவரை அவற்றைப் போலி கான்டெக்ஸ்டுக்கே தள்ளிவிடுங்கள். பட்டியல் காலியா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற நூலகம் மூலம், டெஸ்ட் ஓடும் நேரத்துக்கு மட்டும் டாக்கர் கன்டெய்னரில் நிஜ ராபிட்எம்க்யூவையே ஏற்றுவது. செய்திகளை வரிசையில் வைத்துக் கொண்டு சேர்க்கும் புரோக்கர் அது. டேட்டாபேஸில் எழுதியாகிவிட்டது, ஆனால் 'செய்தியை முடித்துவிட்டேன்' என்று புரோக்கருக்குச் சொல்லும் அக் போகுமுன், செய்தியை வாங்கிய கன்சூமர் நிரல் செத்துவிட்டது என்று வையுங்கள். செய்தி வரிசைக்குத் திரும்பி மறுபடி வருகிறது. இந்த இடைவெளியை நிஜ புரோக்கரில்தான் நம்பிக்கையோடு சோதிக்க முடியும். அதற்கு நாலைந்து டெஸ்ட் போதும். ஹேண்ட்லருக்குள் இருக்கும் ஒவ்வொரு இஃப்-எல்ஸையும் இங்கே சோதிக்க ஆரம்பித்தால், ஓடும் நேரத்தைப் பார்த்தே குழு அதைத் தொடாமல் விட்டுவிடும்.