பூங்காவா, காட்டுத்தடமா? நகரத்துக்குள் இலை நிறம் பார்க்க எங்கே போகலாம்

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் நெருங்கினாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த வாரம் போனால் நிறம் உச்சத்தில் இருக்கும்?" நகரத்துக்குள்ளேயே பார்க்கப் போகிறவர்கள் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டால், இந்தக் கேள்விக்குப் பாதி பதில் தானாகக் கிடைத்துவிடும். பூங்காவுக்கு ஒரு நாள்காட்டி, காட்டுத்தடத்துக்கு வேறொரு நாள்காட்டி.

பூங்கா என்று நான் சொல்வது புல்வெளி, குளம், பெஞ்சு, தார் போட்ட பாதை எல்லாம் வைத்து, மரங்களை இடம் பார்த்து நட்டு வளர்த்த இடம். காட்டுத்தடம் என்பது ஆற்றோரத்திலோ பள்ளத்தாக்கிலோ, கட்டடம் எழுப்ப வசதிப்படாமல் தப்பித்த காட்டுத்துண்டுக்குள் போகிற மண் பாதை.

பூங்காவில் நிற்கும் மரங்கள் பல தேசத்து விருந்தாளிகள். பிர்ச்சும் ஆஷும் முதலிலேயே மஞ்சளாகிவிடும். அப்புறம் சிவப்பு மேப்பிள், சர்க்கரை மேப்பிள். இவை உதிர்ந்து முடிகிற நேரத்தில் கிங்கோவும் ஜப்பானிய மேப்பிளும் தொடங்கும். நார்வே மேப்பிள் என்று ஒன்று உண்டு. பக்கத்து மரங்கள் மொட்டையான பிறகும் பச்சையாக நின்றுகொண்டிருக்கும், கடைசியில்தான் மனசு வந்து மஞ்சளாகும். அதன் இலையில் தார் தெறித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஒரு பூஞ்சை. மரத்துக்குப் பெரிய கெடுதல் செய்யாது. இத்தனை வகை இருப்பதால், பூங்காவில் ஒரு மாதத்துக்கும் மேலாக எந்த நாள் போனாலும் ஏதாவது ஒரு மரம் கையில் நிறத்தை வைத்திருக்கும்.

காட்டுத்தடத்தில் அந்தக் காப்பீடு கிடையாது. அங்கே இருப்பது பெரும்பாலும் அந்த மண்ணுக்கே உரிய நாலைந்து இனங்கள். அவை கிட்டத்தட்ட ஒன்றாகவே பழுக்கும். ஒன்றாகப் பழுத்தால் அதற்கு ஈடு இணை இல்லை. ஆனால் ஒரே ஒரு காற்று மழை இரவு போதும், கதை முடிந்தது. ஒரு வருடம் 'சனிக்கிழமை நிதானமாகப் போகலாம்' என்று தள்ளிவைத்தேன். வியாழன் ராத்திரி விடிய விடியக் காற்று. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மரமெல்லாம் எலும்பு, நிறமெல்லாம் காலடியில்.

இதோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதால் நகர மையத்தில் இரவுகள் அவ்வளவாகக் குளிர்வதில்லை. அங்கே இருக்கும் பூங்கா தாமதமாக நிறம் மாறும். பள்ளத்தாக்கிலோ, குளிர்ந்த காற்று கனமாகக் கீழே இறங்கித் தேங்கும். அங்கே முன்னதாகவே தொடங்கிவிடும். தெருவிளக்கை ஒட்டிய கிளை மட்டும் இலையோடு நிற்க, மறுபக்கம் வெறுமையாக இருக்கும் மரங்களைக்கூடப் பார்க்கலாம். செயற்கை வெளிச்சம் அந்தக் கிளைக்கு நாள் இன்னும் குறையவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, பாவம். ஆகவே இரண்டுக்கும் போக நேரமிருந்தால் முதலில் தடம், பிறகு பூங்கா.

சரி, நிறம் எங்கே நன்றாக இருக்கும்? சிவப்பு வேண்டுமென்றால் பூங்கா. காரணம் இலைக்குள் இருக்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டுகள் கோடையிலிருந்தே இலையில் உண்டு. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகின்றன. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாகிறது, அதுவும் இலையில் தங்கிய சர்க்கரையையும் வெயிலையும் கொண்டு. பகலில் பளிச்சென்ற வெயில், இரவில் உறைநிலைக்குப் போகாத குளிர், இந்த இரண்டும் அமைந்த வருடத்தில் சிவப்பு பிரமாதமாக இருக்கும். பூங்காவில் தனித்து நிற்கும் மேப்பிளுக்கு நாலா பக்கமும் வெயில். தலை முதல் இடுப்பு வரை சிவக்கும். காட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கும் அதே மேப்பிளில் உச்சி மட்டும் சிவக்கும், கீழே நடக்கிற நமக்குத் தெரிவது மஞ்சள்தான். தடத்தில் சிவப்பு தேடுகிறவர்கள் காட்டின் விளிம்பையும் ஆற்றங்கரையையும் பார்க்க வேண்டும்.

இதைக் கண்ணால் சோதிக்க ஒரு சின்ன வழி: விழுந்து கிடக்கும் சிவப்பு மேப்பிள் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில், நடுவில் இன்னோர் இலையின் வடிவம் மஞ்சளாகப் பதிந்திருக்கும், விரல் விரலாக. மேலே இருந்த இலை நிழல் விழுத்திய இடம் சிவக்கவில்லை.

ஆனாலும் தடத்தின் மஞ்சளைக் குறைத்து மதிக்க எனக்கு மனமில்லை. பூங்காவில் நிறத்தை எதிரே நின்று பார்க்கிறோம், தடத்தில் நிறத்துக்குள்ளேயே நடக்கிறோம். மேலே இலை, கீழே இலை, இடையில் வருகிற வெளிச்சமே மஞ்சளாகி, கூட வருகிறவர் முகமும் சட்டையும் அந்த நிறத்தில் தெரியும். மேகமூட்டமான நாளில், மழை விட்ட அரை மணி நேரத்தில் போனால் இது இன்னும் கூடும். ஈரத்தில் பட்டை கறுத்துவிடுவதால் இலை தனியாக எரிவதுபோல் நிற்கும். படம் எடுக்கவும் அதுதான் நேரம், உச்சி வெயில் அல்ல.

வரிசையாக நட்ட சாலை மரங்களின் அழகு மட்டும் காட்டில் கிடைக்காது. டோக்கியோவின் ஜிங்கு கையென் கிங்கோ சாலையில் சுமார் 300 மீட்டருக்கு 146 மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் 'மால்' நடைபாதையில் இருபுறமும் அமெரிக்க எல்ம் மரங்கள் கூரை வேய்ந்தாற்போல் வளைந்து மஞ்சளாகும். கிங்கோவுக்கு ஒரு விசித்திரக் குணம்: கடும் உறைபனி விழுந்த காலையில், காற்றே இல்லாமல், சில மணி நேரத்தில் மொத்த இலையையும் கொட்டிவிடும். அந்த நேரத்தில் அதன் கீழே நின்றால் மழை பெய்வது போன்ற சத்தம் கேட்கும். பெண் மரமாக இருந்தால் விதையுறையின் நாற்றமும் இலவசம். அதற்கு ஈடாகப் பூங்காவில் கட்சுரா மரம் இருந்தால் தேடிப் போங்கள். உதிரும் இலையில் காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசனை வரும்.

வயதானவர்கள், தள்ளுவண்டிக் குழந்தை, சக்கர நாற்காலி என்றால் யோசனையே வேண்டாம், பூங்காதான். தடத்தில் ஈரச் சருகுக்கு அடியில் வேர் எங்கே, கல் எங்கே என்று தெரியாது. நான் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். உண்ணிகள் இலையுதிர் காலத்திலும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கின்றன, அதனால் முழுக்கால் சட்டையும் வீடு திரும்பியதும் ஒரு சோதனையும் அவசியம். வட அமெரிக்கத் தடங்களில் மூன்று மூன்றாக அழகாகச் சிவந்த இலைக்கொடியைப் பறிக்கப் போகாதீர்கள். பாய்சன் ஐவியாக இருந்தால் தோல் கொப்பளித்துவிடும். பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது.

பூங்காவில் என் ஒரே மனக்குறை இலை ஊதும் இயந்திரம். விழுந்த இலையை அன்றன்றைக்கே அள்ளிவிடுகிறார்கள், அதுவும் அத்தனை இரைச்சலோடு. தடத்தில் சருகு அப்படியே கிடந்து மக்குகிறது. அதற்குள் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

எல்லாம் உதிர்ந்தபின் மறுபடி ஒருமுறை தடத்துக்குப் போவது என் வழக்கம். இளம் பீச் மரங்களும் சில ஓக்குகளும் காய்ந்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். பீச் இலை அப்போது வெளிறி, எண்ணெய்த்தாள் போல மெலிந்திருக்கும். பனி விழுந்த பின்னும் லேசான காற்றுக்குச் சரசரக்கும், அந்த நேரத்தில் காட்டில் கேட்கிற ஒரே சத்தமாக.