மேனுவல் மில்லிங்கை சிஎன்சி ஆக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் உஷார்! ரூ.2,85,000 போச்சு

கோயம்புத்தூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். சும்மா நிற்கிற எம்1டிஆர் மில்லிங்கை (ஆள் நின்று ஓட்டும் உலோகம் வெட்டும் மெஷின்) குறைந்த செலவில் சிஎன்சி (கம்ப்யூட்டரே ஓட்டுவது) ஆக்கிவிடலாம், புது விஎம்சிக்கு (ரெடிமேட் சிஎன்சி மில்லிங் மெஷின்) கடன் வாங்க வேண்டாம் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் இறங்கினேன். போனது ரூ.2,85,000. மெஷினும் போன மாதிரிதான்.

தொழில் சாமான் வாங்க விற்க எல்லோரும் நுழைகிற ஒரு ஆன்லைன் தளத்தில் ஆளைப் பிடித்தேன். பெயருக்குப் பக்கத்தில் வெரிஃபைடு என்று டிக் வேறு. போன் பண்ணியதும் மறுநாளே பட்டறைக்கு வந்துவிட்டான். காசு பேச்சே எடுக்காமல் என் லீவர் டயலை (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) வாங்கி டேபிள் ஓரத்தில் காந்த ஸ்டாண்டோடு வைத்து, ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டி, "பாருங்ணா, 0.6 மி.மீ. லூஸ் இருக்குது. பால் ஸ்க்ரூ போட்டா 0.02க்குள்ள நிக்கும், நான் கேரண்டி" என்றான். (பால் ஸ்க்ரூ என்றால் டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூதான், நட்டுக்குள் குண்டுகள் உருளுவதால் லூஸ் குறைவு.) அப்புறம் ஸ்லைடில் கை வைத்துத் தடவி, ஜிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கிப் பார்த்து, எந்த இடத்தில் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னான். வேலை தெரிந்தவன் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். இதைப் பார்த்தால் யாருமே நம்புவார்கள்.

கொட்டேஷனில் கிரவுண்ட் பால் ஸ்க்ரூ (கிரைண்டிங் செய்து துல்லியமாக முடித்தது) சி5 கிரேடு, டபுள் நட் (லூஸை எடுக்க), இரண்டு பக்கமும் தாங்க 7204 ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடி (நெடுக்கு விசையைத் தாங்குவது), மூன்று ஆக்சிஸுக்கும் குளோஸ்டு லூப் மோட்டார் (எவ்வளவு சுற்றினோம் என்று என்கோடர் வழியாகத் திருப்பிச் சொல்வது), லைசன்ஸோடு மேக்3 (மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) என்று எல்லாமே இருந்தது. பாதியை முதலில் கொடுத்தேன், மீதியை ஒப்படைக்கும் அன்று. ஜிஎஸ்டி பில் "ஆடிட்டர் போட்டுத் தருவார்" என்றான். இன்று வரை வரவில்லை.

ஒப்படைக்கிற அன்று நடந்த கூத்தைக் கேளுங்கள். டயலை வைத்து டேபிளைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தான், ஜீரோ. மறுபடியும் ஜீரோ. கைதட்டாத குறை. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்திலிருந்துதான் டயலுக்கு வந்தான். அப்படி வந்தால் எவ்வளவு பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் லூஸ்) இருந்தாலும் முள் ஜீரோவைத்தான் காட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால்தான் தெரியும், அதை அவன் செய்யவே இல்லை.

முதல் வேலை பம்ப் பேரிங் ஹவுசிங், 47 மி.மீ. போர் (துளை). கட்டர் வட்டமாகச் சுற்றி வந்ததும் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், நாலு பக்கமும் நகத்தில் தட்டுகிறது. ஆக்சிஸ் திசை மாறும் நாலு இடத்திலும் படி. போர் கேஜில் 0.15 மி.மீ.க்கு மேல் ஓவல். பார்ட்டி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே 7204க்கு பதில் சாதாரண 6204, அதுவும் ஒற்றையாக. உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14, இரண்டுக்கும் ஒரே அளவு, அதனால் மூடி போட்டுவிட்டால் வெளியே தெரியாது. அந்தப் பேரிங்கே நெடுக்கில் ஆடுகிறது, அப்புறம் ஸ்க்ரூ எங்கே நிற்கும்? ஸ்க்ரூவும் கிரவுண்ட் இல்லை, உருட்டி எடுத்த ரோல்டு, ஒற்றை நட். மோட்டாரிலிருந்து நாலு ஒயர்தான் வருகிறது, என்கோடர் கேபிளே இல்லை. சாதா ஸ்டெப்பர் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும், எதையும் திருப்பிச் சொல்லாத மோட்டார்). லோடு ஏறி ஸ்டெப் விட்டால் கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். மேக்3 லைசன்ஸ் யாரோ வெளிநாட்டுக்காரன் பெயரில்.

போன் பண்ணினால் முதலில் "ஃபீடைக் குறைங்ணா". அப்புறம் "ஆயில் போதலீங்ணா". அப்புறம் "உங்க ஏரியா வோல்டேஜ்". "சாஃப்ட்வேர்ல பேக்லாஷ் காம்பன்சேஷன் போட்டுக்கங்க" என்றதும்தான் ரத்தம் கொதித்தது. லூஸ் இருக்கிற டேபிளை கிளைம்ப் மில்லிங்கில் (கட்டர் பல் வெட்டும் திசையிலேயே டேபிளும் நகர்வது) கட்டரே இழுத்துக்கொள்ளும், அதை எந்த நம்பர் பிடித்து நிறுத்தும்? இப்போது "பையன் ஊருக்குப் போயிருக்கான்" என்கிறான், வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. தளத்துக்காரர்கள் "நாங்கள் லிஸ்டிங் மட்டும்தான் சார், பரிவர்த்தனை உங்களுக்குள்" என்று முடித்துவிட்டார்கள். ரூ.2,85,000 சார் அது!

இதைவிடக் கொடுமை, என் பழைய லீட் ஸ்க்ரூ, நட், ஹேண்டில் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்ச் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மேனுவலாக ஓட்டக்கூட வழியில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மாட்டுவதற்கு முன் பேரிங் நம்பரைக் கண்ணால் பாருங்கள், போட்டோ எடுங்கள். மோட்டாருக்கு என்கோடர் கேபிள் தனியாக வருகிறதா பாருங்கள். டயலை இரண்டு பக்கமிருந்தும் வரவைத்துப் பாருங்கள், ஒரு வட்டம் வெட்டி அளக்காமல் மீதிப் பணம் தராதீர்கள். பழைய ஸ்க்ரூவைக் கொடுக்காதீர்கள். சாஃப்ட்வேருக்கு எவனாவது தனியாகக் காசு கேட்டால் மேக்3 வேலையைச் செய்யும் லினக்ஸ்சிஎன்சி இலவசம் என்று சொல்லுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று அவனே முன்பு மிரட்டியிருந்தான். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் கொடுக்கப் போகிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாங்க, சேர்ந்து கொடுக்கலாம். நான் இப்போது 7204 வாங்கக் கிளம்புகிறேன்.