ஆறிய பாதிக் கோப்பை

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. இரவில் மேசைக்கு வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு கோப்பை டீ இருக்கும். முதல் நான்கு வாய் சூடாக இறங்கும். அப்புறம் ஏதாவது ஒரு வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் நிற்கும். அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கையை நீட்டினால் மீதிப் பாதி ஆறிப்போயிருக்கும். கொட்ட மனம் வராது, குடித்துவிடுவேன். அப்படி ஆறியதைக் குடித்துக் குடித்துத்தான் டீயை எடைபோட ஒரு வழி எனக்குக் கிடைத்தது.

சூடாக இருக்கும்போது ஆவியே மணத்தை மூக்குக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் சுமாரான டீகூட நன்றாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு ஆவியின் உதவி இல்லை. நாக்கு தனியாக நிற்கிறது. இலையின் துவர்ப்பு, கசப்பு, மேலே தெளித்த எண்ணெய், எல்லாம் அப்போது தனித்தனியாகத் தெரியும். வாசனை சேர்த்த டீயிலும் மூலிகை டீயிலும் இந்த வித்தியாசம் மற்றதைவிட அதிகம். கடந்த எட்டு மாதங்களில் இவற்றில் 16 வகைகளை வாங்கி, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று இரவு குடித்து, நோட்டில் குறித்து வைத்தேன். எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. மனதில் நின்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

போட்ட முறை இதுதான்: 200 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம். கறுப்புத் தேயிலைக்குத் தளதளவென்று கொதித்த தண்ணீர், 4 நிமிடம். கிரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரி வரை, 2 நிமிடம். மூலிகைகளுக்குக் கொதிநீர், மூடி போட்டு 7 நிமிடம். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாய் சூட்டோடு, கடைசி வாய் 40 நிமிடம் கழித்து. தேயிலையைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறையில் 100 மி.லி.க்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவிடுவார்கள். என்னுடையதைவிட இரண்டு மடங்கு கடுமை. அது தேயிலைகளை ஒரே அளவில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. நான் குடிப்பவள்; குடிக்கும் கடுமையில்தான் பார்த்தேன்.

முதலில் ஏர்ல் கிரே. கறுப்புத் தேயிலையில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெயைச் சேர்த்தது. 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த சார்ல்ஸ் கிரேயின் பிரபுப் பட்டத்தைப் பெயராகத் தாங்கி நிற்கிறது. சீனர் ஒருவர் அவருக்கு இந்தக் கலவையைப் பரிசளித்தார் என்று டப்பாக்களில் போடும் கதைக்கு ஆதாரம் இல்லை. பெர்கமாட் பெரும்பாலும் இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில் விளைகிறது. பழமாகத் தின்ன முடியாது. புளிப்பும் கசப்பும் அவ்வளவு. அதன் செல்வம் முழுவதும் தோலில்தான்.

இரண்டு ஏர்ல் கிரேக்களை அருகருகே வைத்துக் குடித்தேன். சூட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. சொல்லப்போனால் முதலாவதுதான் கமகமவென்று அறை முழுக்க மணந்தது, அதற்குத்தான் அன்று என் ஓட்டு. ஆறியதும் நிலைமை தலைகீழ். முதலாவது சோப்புக் கரைசலை வாயில் வைத்ததுபோல ஆகிவிட்டது. தேயிலை எங்கே போனது என்றே தெரியவில்லை. இரண்டாவதில் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் தெறிக்குமே, அந்தக் காரமான வாசனை மெலிதாக நின்றது. அதன் அடியில் தேயிலையின் துவர்ப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உறைகளைப் புரட்டிப் பார்த்தேன். முதலாவதில் வெறுமனே 'வாசனைப் பொருள்' என்று இருந்தது. இரண்டாவதில் பெர்கமாட் எண்ணெய் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தது. பலருக்கு ஏர்ல் கிரே என்றாலே சோப்பு நினைவுதான் வருகிறது, அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கொலோன் வாசனைத் திரவியத்திலிருந்து பெர்கமாட் குளியலறைப் பொருள்களோடு சேர்ந்தே வாழ்ந்து வருகிறது. ஆனால் அளவோடு சேர்த்த ஒன்றைக் குடித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

பழ டீ என்று விற்கப்படுபவை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தவை. ஸ்ட்ராபெரி படம் போட்ட ஒரு பெட்டி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திறந்தால் மிட்டாய் வாசனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். வெறும் புளிப்பு வெந்நீர். மூக்கை விட்டதும் ஸ்ட்ராபெரி வந்துவிட்டது. அதாவது பழம் இருந்தது காற்றில்தான், தண்ணீரில் இல்லை. பொருள் பட்டியலைப் பார்த்தால் ரோசெல் பூ, ரோஜாக்காய், உலர்ந்த ஆப்பிள் துண்டு, கடைசியில் வாசனை. கடைகளில் இருக்கும் பழ டீக்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே மூன்றுதான் அடித்தளம். மேலே தெளிக்கும் வாசனை மாறினால் படமும் மாறும். ஒரு குழந்தை அந்தப் படத்தைப் பார்த்து ஆசையோடு கேட்டால் என்ன பதில் சொல்வது?

அதே ரோசெல் பூவைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், அது வேறு உலகம். தோட்டத்தில் பூக்கும் செம்பருத்திக்கு இது உறவு, ஆனால் அதுவே அல்ல. நாம் டீயில் போடுவது இதழையும் அல்ல, பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவந்த புல்லி வட்டத்தை. எகிப்திலும் சூடானிலும் கர்க்கதே என்று இதைச் சூடாகவும் குளிரவைத்தும் குடிக்கிறார்கள். மாதுளைச் சாறு நிறம், பல் கூசும் நேரடிப் புளிப்பு. ஆறினாலும் ஒரு துளி மாறவில்லை. இன்னும் குளிர்ந்தால் இன்னும் நன்றாக இருந்தது. தன் பெயரிலேயே நிற்கத் தெரிந்த ஒரு பூவை மற்ற பழங்களின் பெயரில் விற்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

மல்லிகை டீக்கு வருகிறேன். என் நோட்டில் இதற்கு மட்டும் ஐந்து பக்கம்.

சீனாவில், குறிப்பாக ஃபூஜியன், குவாங்ஷி பகுதிகளில் இதைச் செய்யும் முறையைத் தெரிந்துகொண்ட பிறகு டப்பாவைத் திறக்கும் கையே மெதுவாகிவிட்டது. மல்லிகை மொட்டைப் பகலில் பறிப்பார்கள். அது இரவில்தான் விரியும். விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்து குவித்து வைப்பார்கள். உலர்ந்த இலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும் குணம் உடையது. ராத்திரி முழுக்கப் பூ வெளிவிடுவதை இலை வாங்கிக்கொள்கிறது. காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, ஈரம் ஏறிய இலையை மறுபடி உலர்த்துவார்கள். அடுத்த முறை புதுப் பூ. நல்ல ரகத்துக்கு இது பல முறை நடக்கும். ஆகவே டப்பாவில் காய்ந்த மல்லிகை நிறையக் கிடந்தால் அதை உயர்வின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூ தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டிருக்கும். மிச்சம் கிடப்பது பெரும்பாலும் அழகுக்கு.

முதல் நாள் அவசரத்தில் கொதிநீரையே ஊற்றிவிட்டேன். கசப்பு நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது, மல்லிகை அதற்குள் மூச்சுத் திணறியது. மறுநாள் தண்ணீரை ஆற்றி, 80 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். வெளிர் மஞ்சள் சாறு. வாயில் வைக்கும்போது வெறும் இலை, மென்மையான பச்சை ருசி. விழுங்கிய பிறகுதான் தொண்டைக்குப் பின்னாலிருந்து மல்லிகை ஏறி வந்தது. பூவை முகர்வதுபோல இல்லை. பூ வைத்திருந்த ஒருவர் அறையைக் கடந்து போன பிறகு மிஞ்சுவது போல. 40 நிமிடம் கழித்துக் கடைசி வாய் எடுத்தபோதும் அது இருந்தது. மேலே தெளித்த வாசனை முதலில் ஓடிவிடும். இலை உறிஞ்சி வைத்துக்கொண்டது நின்று வரும். இந்த ஒரு கோப்பை எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. அதே இலையில் இரண்டாவது தண்ணீரும் ஊற்றலாம், மூன்றாவதும் தாங்கும்.

லாப்சாங் சூச்சோங் புகையில் உலர்த்திய கறுப்புத் தேயிலை, வூயி மலையில் பிறந்தது. பைன் மர விறகின் புகை. உறையைப் பிரித்ததும் அக்கா அடுத்த அறையிலிருந்து, "அடுப்புல எதையாவது வெச்சுட்டு மறந்துட்டியா?" என்று கூப்பிட்டார். முதல் இரவு எனக்குப் பிடிக்கவில்லை. மழையில் நனைந்து அணைந்த விறகைக் கரைத்துக் குடிப்பதுபோல இருந்தது. மூன்றாம் இரவில், ஆறிய பாதியில், புகைக்கு அடியில் உலர்ந்த பழத்தின் இனிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு சூட்டிலும் அதைத் தேட முடிந்தது. எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒரே இரவில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் இழந்திருப்பேன்.

வறுத்த அரிசி கலந்த ஜப்பானியக் கிரீன் டீயான கென்மைச்சா எளிமையானது, நேர்மையானது, எப்போதும் ஒரே மாதிரி. சரி, அவ்வளவுதான்.

இனி தேயிலையே இல்லாதவை.

புதினா டீயில் குடிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: 7 நிமிடம் முடிந்ததும் மூடியை எடுத்து அதன் உள்பக்கத்தை முகருங்கள். அங்கே நிற்கும் துளிகளில்தான் புதினாவின் எண்ணெய் இருக்கிறது. மூடாமல் போட்டால் அதெல்லாம் அறைக்குப் போய்விடும். மூடியைக் கோப்பையின் மேலேயே தட்டி அந்தத் துளிகளை உள்ளே விழச் செய்வேன். பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் ஈட்டிப்புதினாவும் கலந்து பிறந்த செடி. அதில் மெந்தால் அதிகம். சூடாகக் குடித்தும் வாய் சில்லென்று ஆவது அதனால்தான். குளிரை உணரும் நரம்பு ஏற்பியை மெந்தால் தட்டி எழுப்பிவிடுகிறது. 2021-இல் மருத்துவ நோபல் பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே அந்த ஏற்பியைக் கண்டறிந்தது மெந்தாலை வைத்துத்தான். ஆறிய புதினாவில் இரட்டைக் குளிர்ச்சி, கொஞ்சம் கசப்பு. வேலைக்கு நடுவில் கண் விழிக்க உதவியது, அதில் காஃபின் இல்லாதபோதும்.

கெமோமில், அதாவது சீமைச்சாமந்தி. பெயரின் கிரேக்க மூலத்துக்குத் தரை ஆப்பிள் என்று பொருள். அது வெறும் பெயர் இல்லை. சூட்டில் உண்மையாகவே ஆப்பிள் தோல் வாசனை வருகிறது, கூடவே வெயிலில் காய்ந்த புல். பையில் அடைத்த தூளில் இது பாதிகூட இல்லை. முழுப் பூவாக வாங்குங்கள். ஆறினால் வைக்கோல் ருசிதான் மிஞ்சுகிறது, அதனால் என் சோதனையில் இது தோற்றது. இருந்தாலும் மனதார மன்னித்து, சூடாக இருக்கும்போதே முழுவதும் குடித்துவிடுகிறேன். சாமந்தி இனப் பூக்கள் ஒவ்வாதவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

சங்குப்பூ டீ பார்ப்பதற்கு. அந்த நீலத்தில் எலுமிச்சைச் சாறு விழுந்ததும் ஊதாவாக மாறும் ஒரு கணத்துக்காக அதை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் கொடுப்பேன். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அதிமதுரம் கலந்த டீதான் அக்காவுக்கு மிகவும் பிடித்தது. சர்க்கரையை விட்டு 6 வருடம் ஆனவர். முதல் வாய் குடித்துவிட்டு, "இதுல ஒண்ணும் போடலையே?" என்று இரண்டு முறை கேட்டார். போடவில்லை. அதிமதுர வேரிலேயே சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் கிளிசிரைசின் இருக்கிறது. அந்த இனிப்பு தாமதமாக வந்து, விழுங்கிய பிறகும் நாக்கின் பின்பகுதியில் நெடுநேரம் படுத்துக்கிடக்கும். ஆறினாலும் குறையாது. இரண்டு வாரம் தினமும் குடித்தோம். அப்புறம்தான் உறையின் ஓரத்தில் இருந்த எச்சரிக்கையைப் படித்தேன். அதிமதுரம் தொடர்ந்து உடலில் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அக்கா அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். அன்றே நிறுத்திவிட்டோம். ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடும் நான் அதை முதல் நாளே படித்திருக்க வேண்டும். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்த எழுத்து உறையில் முன்பக்கத்து இனிப்புப் படத்தைப் போலப் பெரிதாக இருந்திருக்கவும் வேண்டும்.

அந்த இடத்தை நிரப்பியது ரூயிபோஸ். தென்னாப்பிரிக்காவின் சீடர்பெர்க் மலைப்பகுதிக்கே உரிய ஒரு புதர்ச்செடி. ஊசி போன்ற இலைகளை நறுக்கி, கசக்கி, குவித்து வைத்தால் பச்சை போய்ச் செம்பழுப்பாகும். பிறகு வெயிலில் உலர்த்துவார்கள். காஃபின் இல்லை, துவர்ப்புத் தரும் டானினும் குறைவு. அதனால் 7 நிமிடம் என்பதை 20 ஆக்கினாலும் கசக்காது. என்னைப் போல வேலையில் மூழ்கி மறந்துபோகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான குணம் வேறில்லை. தனியாகக் குடித்தால் மரப்பட்டை, தேன், லேசான புளித்த வாசனை. வெனிலா சேர்த்ததையும் பார்த்தேன். வெனிலாவும் இதுவும் ஒரே பக்கம் சாய்கிறவை என்பதால் சண்டை இல்லை. ஆறிய பாதியில் தேன் வாசனை முன்னுக்கு வந்து, வெனிலா ஒதுங்கி வழிவிட்டது. நோட்டில் மல்லிகைக்கு அடுத்த இடத்தை இதற்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா இப்போது இரவில் இதைத்தான் கேட்கிறார். அதிமதுரத்தின் இனிப்பு இதில் இல்லை என்பதை முதல் வாரம் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது சொல்வதில்லை. நேற்று அவருடைய கோப்பையை எடுக்கப் போனேன். அடியில் இரண்டு வாய் மிச்சம் இருந்தது. "அதைக் கொட்டிராத, ஆறட்டும்னுதான் வெச்சிருக்கேன்" என்றார்.