1200 என்று விற்ற ரவுட்டர், உள்ளே பழைய சரக்கு

ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள், அதிலும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஃபைபர் லைன் வைத்திருப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என் தம்பியை ஏமாற்றிய கதை இது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். பெரிய பெரிய ஃபைல்களை ஏற்றி அனுப்பும் வேலை என்பதால் 300 எம்பிபிஎஸ் லைனுக்கு மாறினான். ஃபைபர்காரர்கள் மாட்டிய பெட்டியின் வைஃபை மாடி அறைக்கு எட்டவில்லை. தனியாக ஒரு ரவுட்டர் வாங்கப் போனவன், "அண்ணாச்சி, 300 லைன் முழுசா வருமா?" என்று நேராகவே கேட்டிருக்கிறான். "1200ன்னு போட்டிருக்கு பாருங்க தம்பி, நாலு ஆன்டெனா, புது மாடல்" என்று சொல்லி 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில்லில் ‘வைஃபை ரவுட்டர்’ என்ற இரண்டு சொல் மட்டும்தான்.

மாட்டியதிலிருந்து வேகம் 94ஐத் தாண்டவே இல்லை. கடையில் கேட்டால் லைன் கோளாறு என்றார்கள். ஃபைபர் நிறுவனத்து டெக்னீஷியன் வந்து தன் லேப்டாப்பை நேராக அவர்கள் பெட்டியில் செருகிக் காட்டினார். 300 முழுதாக வந்தது. கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் நல்ல ரவுட்டரே 100க்கு இறங்கிவிடும் என்று சொல்லி, புதுக் கேபிளும் போட்டுப் பார்த்தார். அப்போதும் 94தான். "இது 100 போர்ட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதாவது ரவுட்டரில் கேபிள் செருகும் வாயே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காது.

அந்த 94ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் (கேபிள் வழி இணைப்பு) ஒரு முழு ஃபிரேம், அதாவது ஒரு தகவல் பொட்டலம், கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும். அதில் நம் ஃபைலுக்குப் போய்ச் சேர்வது 1,460 பைட் அல்லது கொஞ்சம் குறைவு. மீதி முகவரிக்கும் சரிபார்ப்புக்கும் இடைவெளிக்கும் போய்விடும். அதனால்தான் 100 போர்ட் எவ்வளவு முக்கினாலும் 94, 95இல் நிற்கும். உங்கள் வேகமும் அதே இடத்தில் அசையாமல் நின்றால் லைனைத் திட்டும் முன் போர்ட்டைப் பாருங்கள்.

அப்படியானால் அந்த 1200? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே உருட்டிய எண் அது. ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே காற்றில் நடக்கும் பேச்சின் ஏட்டளவு உச்சம். ஆனால் இணையம் முழுவதும் உள்ளே வருவது பின்பக்கத்து வேன் போர்ட் (WAN, வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளைச் செருகும் வாய்) வழியாக. எட்டு வழிச் சாலை போட்டுவிட்டு ஊர் எல்லையில் ஒற்றைப் பாலம் கட்டியது போலத்தான். அட்டைப்பெட்டியில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு, போர்ட் வேகத்தைப் பொடி எழுத்தில் ஒளிப்பதை நான் மோசடியாகவே பார்க்கிறேன்.

சந்தேகம் வலுத்ததால், மொபைல் சர்வீஸ் செய்யும் நண்பரிடம் கொடுத்துத் திறந்தோம். திறப்பதற்கு முன்பிருந்தே வீடியோ எடுத்தோம். நீங்களும் கட்டாயம் எடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். வேன் சாக்கெட்டில் டார்ச் அடித்தால் தங்க நிறக் கம்பி நாலுதான் இருந்தது. 100க்கு அந்த நாலு போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். (எட்டும் இருப்பதாலேயே ஜிகாபிட் என்று நம்பிவிட முடியாது, நாலு இருந்தால் நிச்சயம் இல்லை.) நாலு ஆன்டெனாவில் இரண்டிலிருந்துதான் மெல்லிய ஒயர் சர்க்யூட் போர்டுக்கு வந்தது. மற்ற இரண்டும் உள்ளே எதுவுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக்.

அடியில் இருந்த லேபிளை உரித்தால் கீழே இன்னொரு லேபிள்! ஏதோ ஒரு இணைய நிறுவனம் எப்போதோ வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிய பெட்டியைத் துடைத்து, புது மூடி போட்டு விற்றிருக்கிறார்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் மேக் முகவரியும் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) மேல் லேபிளில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. இந்தச் சோதனைக்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம், யாரும் செய்யலாம்.

வேகம் போனதைவிட என்னைப் பதற வைத்தது வேறு. அந்தப் பெட்டியில் பழைய நிறுவனம் தூரத்திலிருந்து ரவுட்டரை இயக்குவதற்கான வசதி இன்னும் திறந்தே இருந்தது. ஃபிளாஷ் சிப்பில் இருந்த மென்பொருள் பல வருடம் பழையது, அதற்கு அப்டேட்டும் கிடையாது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீடுகளின் இணைப்பு முடங்கியது இதே மாதிரி தொலை நிர்வாக வாசலான 7547ஆம் போர்ட்டைக் (இது கேபிள் செருகும் வாய் அல்ல, மென்பொருளில் உள்ள வாசல் எண்) குறிவைத்த தாக்குதலால்தான். வீட்டில் யார் பேங்க் ஆப் திறந்தாலும் அது ரவுட்டர் வழியாகத்தான் போகிறது. அப்படிப்பட்ட பெட்டியைப் புதுசு என்று விற்பவருக்கு மனசாட்சி உறுத்தாதா?

கடைக்காரர் முதலில் கத்தினார், வீடியோவைக் காட்டியதும் வேறு பீஸ் தருகிறேன் என்றார். பணம்தான் வேண்டும் என்றதற்கு முடியாது என்றுவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை.

நீங்கள் வாங்கும்போது ‘ஜிகாபிட் வேன் போர்ட்’ என்றும், மாடல் எண், வெர்ஷன், சீரியல் நம்பர் ஆகியவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் மாறும்போது உள்ளே சிப்பும் மெமரியும் மாறுவது உண்டு, அதனால் வெர்ஷனை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் கடையிலேயே லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரின் வேன் போர்ட்டில் மாட்டி, லிங்க் ஸ்பீடு (இணைப்பின் வேகம்) 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். அந்தக் கடையில் இன்னும் இதே பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.