சிக்கிமுக்கிப் பெட்டி: கல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்

கல்லில் இரும்பை உரசிப் பொறி எழுப்பித் தீ மூட்டும் சாமான்தான் சிக்கிமுக்கி. அந்தப் பெயரில் தேடினால் இணையக் கடைகளில் முதலில் வந்து விழுவது ஒரு கறுப்புக் கம்பியும் அதைச் சுரண்ட ஒரு தகடும்தான். அது சிக்கிமுக்கி இல்லை. ஃபெரோசீரியம் என்ற கலப்பு உலோகம். 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கியது. சிகரெட் லைட்டருக்குள் இருக்கும் 'கல்'லும் அதே சரக்குதான். மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டினால் பொறி கொட்டும். வேலைக்கு ஆகும் பொருள்தான், ஆனால் கணக்கு வேறு: அங்கே எரிவது கம்பி, தகடு சும்மா சுரண்டுகிறது.

அசல் சிக்கிமுக்கி என்று விற்கும் பெட்டிகளில் ஐந்து சாமான் இருக்கும்: வளைத்த இரும்பு, கல், தகர டப்பா, கரித்துணி (பொறியைப் பிடிக்கக் கரியாகச் சுட்ட துணி), கொஞ்சம் சணல். படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஏமாற்றம் பெரும்பாலும் இரண்டு இடத்தில். இரும்பு வளைவும் முறுக்குமாக அழகாக இருக்கும், கெட்டித்தன்மை இருக்காது. துணி பாலியெஸ்டர் கலந்ததாக இருக்கும். ஆனால் விளம்பரத்தில் புகழப்படுவது என்னவோ கல். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் விளிம்பு இரும்பைத் துளித்துளியாகச் சீவுகிறது. சீவிய துகள் உரசலில் சூடேறிக் காற்றில் எரிகிறது. அதுதான் பொறி. ஆகவே காசு கொடுக்க வேண்டியது இரும்புக்கு.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கல்லுக்குக் காசு கொடுப்பது ஆற்றங்கரையில் இருந்துகொண்டு தண்ணீர் வாங்குவது மாதிரி. உழுத கொல்லையில் காலில் இடறும் வெங்கச்சங்கல் போதும். படிகக்கல் (குவார்ட்ஸ்) வகை, கற்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 7. குறை ஒன்று உண்டு. பெட்டியில் வரும் ஃப்ளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல் உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையான விளிம்பு தரும். வெங்கச்சங்கல் பொருபொருவென்று உடையும், பத்துப் பதினைந்து அடியில் முனை மழுங்கும். மழுங்கினால் சுத்தியலால் ஒரு தட்டு, புது விளிம்பு. வெடிப்பு ஓடாத, கொஞ்சம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் துண்டாகப் பொறுக்குங்கள். கிரானைட் பட்டறை வாசலில் குவிந்து கிடக்கும் துண்டுகள் இதற்கு உதவாது. அதில் படிகக்கல்லோடு ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் கலந்திருக்கின்றன. விளிம்பு நிற்காமல் உதிரும்.

இருட்டில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசிப் பிள்ளைகள் வெளிச்சம் காட்டுவார்கள், கருகல் வாசம்கூட வரும். அது குளிர்ந்த ஒளி. விடிய விடிய உரசினாலும் பஞ்சு பற்றாது. இரும்பு வேண்டும்.

இரும்பு என்றால் கம்பிக்கடை இரும்பு அல்ல. கட்டுக்கம்பி, ஆங்கிள், ஆணி எல்லாம் கரி (கார்பன்) குறைந்த மைல்ட் ஸ்டீல். கல் அதில் கோடு போடும், பொறி வராது. எவர்சில்வர் கரண்டியும் அப்படித்தான். தேவை கரி அதிகமுள்ள உருக்கு. லாரி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கரி இருக்கும்; வேலை நடக்கும், பொறி சுமார். சிறந்தது தேய்ந்த அரம், ஒரு சதவீதத்துக்கு மேல் கரி. ஓசூர் லேத் பட்டறைகள் கழிக்கும் அரம் காயலான் கடையில் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும். மலிவு அரங்களில் சில மேல்தோல் மட்டும் கெட்டியாக்கியவை. முனையைச் சாணையில் ஒரு நொடி வையுங்கள்: பொறி பூப்பூவாக, கிளைகிளையாக வெடித்தால் நல்ல கரி, நீளக் கோடாக மட்டும் ஓடினால் வேண்டாம்.

வீட்டில் செய்ய உலையே தேவையில்லை. அரத்தை வெட்டுச்சக்கரத்தால் 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு குறுகிய விளிம்பில் உள்ள பல்லை மட்டும் சாணை பிடித்து வழவழப்பாக்கினால் போதும். அரம் ஏற்கெனவே கெட்டியாகத்தான் வருகிறது. அந்தக் கெட்டித்தன்மையைக் கெடுக்காமல் இருப்பதுதான் மொத்த வேலையும். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அங்கே சூடு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்விட்டது, இரும்பு இளகிவிட்டது என்று அர்த்தம். நீலம் போகும்வரை உள்ளே தேய்த்தெடுக்க வேண்டும். கண்ணாடி போடாமல் சாணையில் கை வைக்காதீர்கள்.

விரல் நுழைகிற மாதிரி வளைத்த வடிவம்தான் வேண்டும் என்றால் கொல்லுப்பட்டறைக்குப் போகலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு வளைத்த இரும்பைக் கூரியரில் வரவழைப்பது கொஞ்சம் வேடிக்கை. ஆனால் ஆசாரியிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கை அரிவாளுக்குப் பழகிய கை. தோய்ச்சல் போட்டதும், அதாவது சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கெட்டியாக்கியதும், வாய் தெறிக்கக் கூடாதென்று சூடு காட்டி இளக்கிவிடுவார். அரிவாளுக்கு அது சரி, சிக்கிமுக்கிக்குப் பாழ். "அண்ணே, இது வெட்டுறதுக்கு இல்ல, உரசுறதுக்கு. தோய்ச்சலோட விட்டுடுங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

தோய்ச்சலுக்குச் சூடு எவ்வளவு என்பதைக் காந்தத்தால் பார்க்கலாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, சிவந்த இரும்பை அருகில் கொண்டுபோங்கள். சுமார் 770 டிகிரியில் காந்தம் இழுப்பதை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு சாயல் சூடேற்றி, உரசும் விளிம்பை மட்டும் இரண்டு செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்கி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'டிக்' என்று சத்தம் கேட்டால் விரிசல். அந்தத் துண்டு போச்சு. பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இந்த ஆபத்து குறையும். ஆறியபின் விளிம்பில் நல்ல அரத்தை இழுத்துப் பாருங்கள். வழுக்க வேண்டும். கடித்தால் மறுபடி உலைக்கு.

அடுத்தது கரித்துணி. இரும்புப் பொறி சின்னது, சிவப்பு, நாலு விரற்கடை போவதற்குள் அணைந்துவிடும். வெறும் பஞ்சில் விழுந்தால் செத்துப்போகும். கரியான பருத்தியில் விழுந்தால்தான் ஒட்டிப் படரும். பழைய பருத்தி வேட்டி, பனியன், ஜீன்ஸ் எதுவும் ஆகும். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசமும் சாம்பலும் என்றால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் அந்தத் துணி வேண்டாம். ஐந்து செ.மீ. சதுரங்களாகப் பதினைந்து துண்டு வெட்டி, ஷூ பாலிஷ் டப்பாவில் நெருக்காமல் போட்டு, மூடியில் சிறு ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட வேண்டும். வெறும் டப்பாவை முதலில் திறந்தவெளியில் சுட்டுப் பெயின்டையும் மெழுகையும் எரித்துவிடுங்கள்.

பிறகு துணியோடு அடுப்புத் தணலில். ஓட்டையிலிருந்து புகை வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது நின்றதும் எடுத்து, ஓட்டையில் ஒரு முள்ளைச் செருகி, முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் கனன்றுவிடும். பழுப்பாக இருந்தால் வேகவில்லை, திரும்ப வையுங்கள். தொட்டதும் தூளானால் ஓட்டை பெரிது. சரியான துணி மை போலக் கறுத்து, பிடித்துத் தூக்கினால் கிழியாமல் தொங்கும்.

தீக்கூட்டுக்குத் தேங்காய் நார். உள்ளங்கையில் கசக்கி நார்ச்சோற்றை (நாரோடு ஒட்டிய தூளை) உதறி, குருவிக்கூடு மாதிரி குழிவாக வையுங்கள். எருக்கம்பஞ்சையும் இலவம்பஞ்சையும் தனியாக நம்பாதீர்கள், குப்பென்று எரிந்து முடிந்துவிடும். நடுவில் ஒரு சிட்டிகை வைத்தால் போதும்.

அடிக்கும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். கல்லை இடது கையில் பிடித்து, கரித்துணியைக் கல்லின் மேலே, விளிம்புக்கு மூன்று மி.மீ. உள்ளே தள்ளி, கட்டை விரலால் அழுத்துங்கள். இரும்பை மோதக் கூடாது. தோல் சீவுகிற மாதிரி மேலிருந்து கீழே, விளிம்பை உரசிக்கொண்டு இறங்க வேண்டும். துணியில் ஊசிமுனை அளவு சிவப்பு விழுந்து, வட்டமாக மெல்ல அகலும். உச்சிவெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது, நிழலில் செய்யுங்கள். நார்க்கூட்டில் வைத்து மூடி, நீளமாக மெதுவாக ஊதுங்கள். புகை வெள்ளையாகத் திரண்டதும் முகத்தை விலக்குங்கள், அடுத்தது சுடர்தான்.

இதைப் பழக வீட்டுக் களம் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது வனச் சட்டப்படி குற்றம். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரிக்கு மேல் சருகு காய்ந்து கிடக்கும் காட்டில் ஒரு நார்க்கூடு எகிறினால் பிடிக்க முடியாது.

கடைப்பெட்டிகளில் பார்த்த இன்னொரு கோளாறு, துணி சுட்ட ஓட்டை டப்பாவையே துணி வைக்கும் டப்பாவாகக் கொடுப்பது. ஐப்பசி ஈரத்தில் கரித்துணி நமத்துப்போகும், பொறி ஒட்டாது. ஓட்டையில்லாத இறுக்கமான டப்பா தனியாக வேண்டும். பாதி எரிந்த துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று டப்பாவில் திரும்பப் போடுகிறவர்கள், அதை விரலால் நசுக்கிக் குளிர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போடவும். ஓட்டை டப்பாவில் ஒரு கனல் மிச்சமிருந்தால் காலையில் மூடியைத் திறக்கும்போது உள்ளே வெள்ளைச் சாம்பல்தான் இருக்கும்.