உப்பு ஏற்றும் பிரஷர்: மரபணுச் சோதனையா, வீட்டில் அளந்து பார்ப்பதா?

ஒரே அளவு உப்பு சாப்பிடும் இருவரில் ஒருவருக்குப் பிரஷர் ஏறும், மற்றவருக்கு அசையாது. உப்பில் உள்ள சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுவது இதற்கு முக்கியக் காரணம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேர், இல்லாதவர்களில் சுமார் கால்வாசிப் பேர் உப்புக்கு அசைகிறவர்கள். நாம் எந்தப் பக்கம் என்று அறிய, எச்சில் கொடுத்து மரபணுவைப் பார்க்கலாம். அல்லது உப்பைக் குறைத்துப் பிரஷர் மீட்டரில் அளக்கலாம். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

மரபணுச் சோதனை ஒருமுறை செய்தால் போதும், பத்தியம் வேண்டாம். ஆனால் பொதுவாகக் காணப்படும் மரபணு மாற்றம் ஒவ்வொன்றும் பிரஷரை 1 மி.மீ. (பிரஷரை அளக்கும் பாதரச அலகு) அளவுக்குக்கூடப் பெரும்பாலும் நகர்த்துவதில்லை. 2018இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை அலசிய ஆய்வோடு, பிரஷரோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 901 ஆயின. அதுவும் பிரஷரைப் பற்றியது. உப்புக்கு அது எப்படி அசையும் என்பது வேறு கேள்வி. தவிர, வயது கூடினாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் உப்பின் பாதிப்பு கூடும். மரபணு அறிக்கையோ அப்படியே இருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. இளம் வயதிலேயே கடும் பிரஷர், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, குடும்பத்திலும் அதே கதை என்றால் லிடில் நோய்க்குறி போன்ற ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கலாம். அங்கே மரபணுச் சோதனை மருந்தையே மாற்றும்: லிடிலுக்கு அமிலோரைடு கேட்கும், ஸ்பைரோனோலாக்டோன் கேட்காது.

வீட்டுச் சோதனை தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: அளவின் ஊசலாட்டம். எதையும் மாற்றாமலே பிரஷர் நாளுக்கு நாள் பல மி.மீ. ஏறி இறங்கும். புதிதாக மீட்டர் கட்டும்போது பதற்றத்தில் கூடுதலாகக் காட்டி, பழகப் பழகத் தானே இறங்கும். உப்பைக் குறைத்ததால் இறங்கியது என்று ஏமாறுவது இங்கேதான்.

அதனால் மூன்று கட்டம் வேண்டும். வழக்கமான உப்பில் ஒரு வாரம். குறைத்த உப்பில் இரண்டு வாரம், கணக்குக்குக் கடைசி 7 நாள் மட்டும். பிறகு பழைய உப்பில் ஒரு வாரம். இறங்கியது மறுபடி ஏறினால்தான் உப்பின் வேலை. காலை, மாலை 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். முதல் நாள் கணக்கை விட்டுவிடுங்கள். கைப்பட்டை சிறியதானால் கூடுதலாகக் காட்டும். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குக் கீழே என்றால் அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன். எல்லோரும் ஏற்ற ஒரே எல்லைக்கோடு கிடையாது.

குறைக்கும் கட்டத்தில் பாக்கெட் உணவை நிறுத்தி, ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 21 கிராம் உப்பை எடைபோட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். அதே சமயம் பழம், காய்கறியைக் கூட்டாதீர்கள். பொட்டாசியமும் பிரஷரை இறக்கும், எது இறக்கியது என்று தெரியாமல் போகும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்து. மாத்திரை எடுப்பவர்கள், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

உண்மையில் குறைந்ததா என்று சந்தேகம் வந்தால் 24 மணிநேரச் சிறுநீரில் சோடியம் பாருங்கள். அறிக்கையில் சோடியம் 100 மில்லிமோல் (ஆய்வகம் தரும் அலகு) என்றால் கிட்டத்தட்ட 6 கிராம் உப்பு வெளியேறியிருக்கிறது.